தொட்டபெட்டா பனிக்கு யுவி ஃபில்டர் எதற்கு?

மலைப் பனிமூட்டம் படத்தில் தெளியும் என்று நம்பி யுவி ஃபில்டர் (புற ஊதாக் கதிரைத் தடுக்க லென்ஸின் முன் மாட்டும் கண்ணாடி) வாங்காதீர்கள். லென்ஸைக் காக்க, அதன் முனையில் மாட்டும் மறைப்பு வளையமான லென்ஸ் ஹூட் போதும். டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியே புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. தொட்டபெட்டாவில் காட்சியை மறைப்பதோ நீர்த்துளிகள், அவற்றை எந்த ஃபில்டரும் விலக்காது. பாறையில் இடித்தால் முதல் அடியை ஹூட் வாங்கிக்கொள்ளும், பக்கவாட்டு வெயிலையும் மறைக்கும். மலிவு ஃபில்டர் என்றால் எதிர்வெயிலில் தேவையில்லாத ஒளிப்பொட்டுகள்தான் மிச்சம்.

சாரலில் நின்று எடுப்பவர்கள் மட்டும் ஃபில்டரை மாட்டிக்கொள்ளுங்கள். துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது ஃபில்டரோடு போகட்டும். அப்புறம், ஃபிலிம் கேமராக்காரர்களுக்கு இது பொருந்தாது: 2,637 மீட்டர் உயரத்தில் ஃபில்டர் இல்லாவிட்டால் தூரத்து மலைகள் நீலம் பாரித்துவிடும்.