வீட்டுக் கொட்டகையில் எஸ்டீம் இன்ஜின் கட்டுவது எப்படி

மாருதி எஸ்டீமில் வந்த ஜி13பிபி, வீட்டில் வைத்துக் கட்டிப் பழக ஏற்ற இன்ஜின். அலுமினிய பிளாக், உள்ளே வார்ப்பிரும்பு லைனர், ஒரே கேம் ஷாஃப்ட், 16 வால்வு, 1298 சிசி, 85 குதிரைத்திறன். ஜிப்ஸி கிங்கிலும் இதே இன்ஜின் என்பதால் பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்காது. புகை தள்ளும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும் இன்ஜினைத் திரும்பவும் முறுக்கோடு ஓட வைப்பதற்கான வழிமுறை இது.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். இதில் ஸ்பானர் பிடிக்கிற வேலை கால்வாசிதான். மீதி முழுக்க அளப்பதும் கழுவுவதும். எல்லாம் புதுசு போட்டும் ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி புகை தள்ளுகிற இன்ஜினைப் பிரித்தால், அளக்காமல் போட்ட ரிங்கோ கழுவாமல் விட்ட போரோதான் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

பிரிக்கும் முன் கம்ப்ரஷன் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே, இக்னிஷனும் ஃப்யூயல் பம்ப்பும் துண்டித்த நிலை, ஆக்சிலரேட்டர் தரைவரை மிதித்தபடி. சிலிண்டருக்கு 14 கிலோ காட்டினால் நல்ல இன்ஜின். 12க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ பிரிக்கத்தான் வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். வால்வு மட்டும்தான் என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், கிராங்கைத் தொட வேண்டாம்.

இடமும் காலமும்

ஆடி மாதத்தில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். மதுரைப் பக்கம் ஆடிக்காற்று அள்ளி வரும் மணல் துகள் ஒன்று பேரிங்கில் உட்கார்ந்தாலே கிராங்கில் கோடு விழுந்துவிடும். வேறு வழியில்லை என்றால் மூன்று பக்கம் தார்ப்பாய் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்து வைத்துக்கொள்ளுங்கள். துடைக்கக் காட்டன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து பிரியும் நூல் ஆயில் ஸ்ட்ரெய்னரில் போய்ச் சுற்றிக்கொள்ளும். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொள்வது மேல்.

இன்ஜினைத் தூக்க ஓட்டு வீட்டு உத்திரத்தில் செயின் பிளாக்கைக் கட்டாதீர்கள். மடக்கு கிரேன் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். கருவிகளில் கட்டாயம் வேண்டியவை: டார்க் ரெஞ்ச், ஃபில்லர் கேஜ், 50-75 மி.மீ. மற்றும் 25-50 மி.மீ. மைக்ரோமீட்டர், போர் டயல் கேஜ், வால்வு ஸ்பிரிங் அமுக்கி, பச்சை நிற பிளாஸ்டிகேஜ் நூல் (நசுங்கும் அகலத்தை வைத்துப் பேரிங் இடைவெளியைக் காட்டுவது). போர் கேஜ் விலை அதிகம். அதைப் பட்டறையில் கேட்டு உங்கள் கண்முன்னே அளக்கச் சொன்னாலும் போதும். டார்க் ரெஞ்சில் மட்டும் சமரசம் வேண்டாம்.

பிரிப்பது

ஆயிலையும் கூலன்ட்டையும் இறக்கி, வயர், ஹோஸ் ஒவ்வொன்றிலும் துணி டேப் ஒட்டி எண் எழுதுங்கள். போனில் படம் எடுத்தது போதும் என்று விட்டால், மூன்று வாரம் கழித்து இரண்டு வேக்கம் ஹோஸ் கையில் மிச்சமாக நிற்கும். கியர் பாக்ஸோடு சேர்த்து இன்ஜினை மேல்பக்கமாகத் தூக்குவதுதான் சுலபம்.

ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரே பக்கமாகக் கழற்றினால் அலுமினிய ஹெட் வளையும். கனெக்டிங் ராடையும் அதன் கேப்பையும் கழற்றும் முன்பே சிலிண்டர் எண்ணைக் குறித்துவிடுங்கள். ஒன்றின் கேப் இன்னொன்றுக்குப் பொருந்தாது. மெயின் கேப்புகளுக்கும் அதே கதைதான். போரின் மேல் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படி போலத் தட்டினால் அதுதான் ரிங் ஏறி இறங்கித் தேய்த்த எல்லை. அந்தப் படியை எடுக்காமல் பிஸ்டனை மேலே தள்ளினால் ரிங் பள்ளத்தின் விளிம்பு உடையும்.

அளப்பது

போரை மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்து எழுதுங்கள். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 24 எண்கள். புது அளவு 74.00 மி.மீ. பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் வித்தியாசம் 0.10 மி.மீ.க்கு மேல் போனால் ரீபோர்தான். 0.25, 0.50 என்று இரண்டு ஓவர்சைஸ் பிஸ்டன் உண்டு. 0.25லேயே போர் சுத்தமாகிவிடும் என்றால் அதோடு நிறுத்துங்கள். 0.50 அடித்தால் பவர் கூடும் என்பது வெறும் பேச்சு. 74.50 போரில் கொள்ளளவு 1316 சிசி, அதாவது 18 சிசிதான் கூடுகிறது. அதற்காக அடுத்த முறைக்கான லைனர் தடிமனை இழக்க வேண்டாம்.

பிஸ்டனை முதலில் வாங்குங்கள், பிறகு பிளாக்கைப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். ஓவர்சைஸ் பிஸ்டன் நான்கும் ஒரே அளவில் வராது, நூறில் ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருக்கும். எந்தப் பிஸ்டன் எந்தச் சிலிண்டருக்கு என்று எண் எழுதி, அதற்கு அதற்கு ஏற்றபடி போர் அடிக்கச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்கும் போருக்கும் இடைவெளி 0.02 முதல் 0.04 மி.மீ. பிஸ்டனை அளப்பது ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் அடிப்பாகம்): பின்னுக்குக் குறுக்குவாக்கில், அடியிலிருந்து சுமார் 15 மி.மீ. மேலே.

இந்த இடத்தில் நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். 74 மி.மீ. அலுமினியப் பிஸ்டன் 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.015 மி.மீ. விரியும். வார்ப்பிரும்பு லைனர் விரிவது அதில் பாதி. மொட்டை மாடியில் கழுவிக் காயப்போட்ட பிஸ்டனை அப்படியே எடுத்து, கொட்டகை நிழலில் கிடந்த பிளாக்கோடு ஒப்பிட்டால் உங்களுக்கு வேண்டிய இடைவெளியில் பாதி அளவிலேயே தொலைந்துவிடும். பிளாக், பிஸ்டன், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஒரே அறையில் இரவு முழுக்க வைத்து, விடிகாலையில் அளந்து எழுதுங்கள். பட்டறையிலும் போர் அடித்த சூட்டோடு அளக்க விடாதீர்கள், ஆறிய பிறகு அளக்கச் சொல்லுங்கள்.

கிராங்க் ஜர்னல்களில் (பேரிங்குக்குள் சுழலும் பகுதிகள்) நகம் தட்டும் கோடு இருந்தாலோ, நீள்வட்டமும் கூம்பும் 0.01 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ 0.25 அண்டர்சைஸுக்குக் கிரைண்டிங் செய்யக் கொடுங்கள். கே.புதூர், கப்பலூர் சிட்கோ பக்கம் பட்டறை தேடும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: மெயின் கேப்பை டார்க் வைத்து இறுக்கிய பிறகு போர் அடிப்பீர்களா, ஹெட் இடத்தில் டார்க் பிளேட் (ஹெட் போல இறுக்கும் தடித்த தகடு) கட்டி ஹோனிங் (போரைக் கல்லால் மெல்லத் தேய்ப்பது) செய்வீர்களா, முடித்த அளவை எழுதித் தருவீர்களா. அலுமினிய பிளாக்கில் ஹெட் போல்ட்டை இறுக்கியதும் போர் கொஞ்சம் நெளியும். டார்க் பிளேட் கட்டி ஹோனிங் செய்தால் அந்த நெளிவோடு சேர்த்தே வட்டமாகும். மூன்றாவது கேள்விக்குத் தயங்கும் பட்டறைக்கு பிளாக்கைக் கொடுக்காதீர்கள்.

போரைக் கழுவுவது

பட்டறையிலிருந்து வந்த பிளாக் பளபளவென்று இருக்கும், ஆனால் சுத்தமாக இருக்காது. ஹோனிங் கல்லின் தூள் அந்தக் குறுக்குக் கோடுகளுக்குள் புதைந்திருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அதை எடுக்காது, ஆயிலை மட்டும் கரைத்துவிட்டுத் தூளை அங்கேயே விட்டுவிடும். பக்கெட் நிறையச் சுடுதண்ணீர், துணி சோப்புத்தூள், நைலான் பிரஷ் எடுத்து ஒவ்வொரு போரையும் தேயுங்கள். ஆயில் போகும் வழிகளில் நீளமான பாட்டில் பிரஷை விட்டு இழுங்கள். அலசித் துடைத்த உடனே வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயில் தொட்டுப் போரைச் சுற்றி ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் தூள் இன்னும் இருக்கிறது, திரும்பவும் சோப்பு போடுங்கள். நான்கு ஐந்து தடவை ஆகும். துணி வெள்ளையாகவே வரும்வரை நிறுத்தக் கூடாது. கடைசியாக அலசியதும் தாமதிக்காமல் ஆயில் பூசுங்கள். லைனர் சில நிமிடத்திலேயே செந்துரு பூக்க ஆரம்பிக்கும்.

எடை

சமையலறைத் தராசு இதற்கு உதவாது. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் வைத்திருப்பது போன்ற, 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். ராடையும் வைக்கும் அளவுக்கு அது எடை தாங்க வேண்டும். பிஸ்டன், பின், ரிங் சேர்த்து நான்கு செட்டையும் நிறுத்து, மிக லேசானதற்கு மற்ற மூன்றையும் கொண்டு வாருங்கள். பின் போஸின் (பின் நுழையும் தடித்த பகுதி) அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அராவ வேண்டும். ஸ்கர்ட்டைத் தொடாதீர்கள். வித்தியாசம் 1 கிராமுக்குள் வந்தால் போதும். ராடுகளைப் பெரிய முனை, சின்ன முனை தனித்தனியாக நிறுத்துச் சமன் செய்யுங்கள். மொத்த எடை மட்டும் சமமாக இருந்தால் பயனில்லை, பெரிய முனை சுழல்கிறது, சின்ன முனை ஏறி இறங்குகிறது. இதற்குக் காசு அதிகம் ஆகாது, ஒரு நாள் பொறுமைதான் வேண்டும். மேல் ஆர்.பி.எம்.மில் இன்ஜின் நடுங்காமல் ஏறுவதற்கு இந்த ஒரு நாளுக்கு ஈடான வேலை வேறில்லை.

ஹெட்

ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்காக வைத்து ஃபில்லர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் நுழைந்தால் ஸ்கிம்மிங், அதாவது மட்டமாக இழைப்பது. சுத்தமாகும் அளவுக்கு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அதிகம் எடுத்தால் கம்ப்ரஷன் ஏறுவதோடு, கேம் கிராங்குக்கு நெருங்கி டைமிங்கும் பின்தங்கும். வால்வுகளை கிரைண்டிங் பேஸ்ட் வைத்துத் தேய்த்து, சீட்டில் சுமார் 1.2 மி.மீ. அகலத்தில் அறுபடாத சாம்பல் வளையம் வந்ததும் நிறுத்துங்கள். சேம்பரில் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள், போர்ட் பக்கம் ஈரம் தெரியக் கூடாது. வால்வு சீல் 16ம் புதுசு. போர்ட்டில் வார்ப்பு விளிம்பு, கேஸ்கெட் படி இவற்றை மட்டும் மழுக்குங்கள். பெரிதாக்க வேண்டாம்.

கட்டுவது

பேரிங் ஷெல்லின் முதுகும் அது உட்காரும் இடமும் எண்ணெய் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிகேஜ் நூலை ஜர்னலின் நீளவாக்கில் வைத்து, கேப்பை முழு டார்க்கில் இறுக்கித் திறவுங்கள். நடுவில் கிராங்கைச் சுற்றிவிட்டால் அந்த அளவு பொய். மெயினில் 0.02-0.04, ராடில் 0.02-0.05 மி.மீ. சரி. நூல் ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒல்லியாகவும் நசுங்கியிருந்தால் ஜர்னல் கூம்பாக இருக்கிறது. கிராங்க் திரும்பவும் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

ரிங்குகளை அவை ஓடப்போகும் போரிலேயே விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி வாயளவு (ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி) பாருங்கள். மேல் ரிங் 0.30, இரண்டாவது 0.35 மி.மீ. குறைவாக இருந்தால் வெளியிலிருந்து உள்பக்கமாக மட்டும் அராவுங்கள். அளவு குறைந்தால்தான் ஆபத்து, சூட்டில் வாய் முட்டிப் போரைக் கீறிவிடும். எழுத்து உள்ள பக்கம் மேலே. வாய்கள் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது.

போல்ட் மரைகளில் லேசாக ஆயில் தொட்டு, மெயின் கேப் 54 நியூட்டன் மீட்டர், ராடு நட்டு 35. ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 35, 55, 68 என்று மூன்று சுற்று. ஒவ்வொரு கேப்பை இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்போடு இறுகியதோ, பிரச்சினை அங்கேதான். எல்லாவற்றையும் மாட்டிவிட்டுச் சுற்றினால் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகும்.

டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் புதுசு. குறிகளை வைத்து மாட்டியதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகளை மறுபடி பாருங்கள். நடுவில் முட்டினால் அழுத்தாதீர்கள், பெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ஃப்யூயல் ஹோஸ் அத்தனையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். இப்போதைய இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறி வெடிக்கும். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றவே கூடாது. அந்த உப்பு ஹெட்டுக்குள் படிந்து சூட்டை வெளியே விடாது. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

முதல் ஸ்டார்ட்டும் ஓட்டிப் பழக்குவதும்

பிளக் இல்லாமல், இக்னிஷனும் ஃப்யூயல் பம்ப்பும் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும்வரை பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட் செய்து, வெறும் ஐட்லிங்கில் நிறுத்தி வைக்காமல் 1500-2000 ஆர்.பி.எம்.மில் வைத்துக் கசிவு பாருங்கள். கூலன்ட் சூடேறி ஃபேன் ஓடி நின்றதும் அணையுங்கள்.

அடுத்த வேலை அன்றைக்கே. மினரல் ஆயிலோடு ரிங் ரோட்டிலோ அழகர்கோவில் சாலையிலோ, கூட்டம் இல்லாத விடிகாலையில், மூன்றாவது கியரில் 40லிருந்து 70 வரை முக்கால் ஆக்சிலரேட்டரில் ஏற்றிக் காலை முழுதாக எடுங்கள். வண்டி தானாக 40க்கு இறங்கட்டும். இப்படிப் பதினைந்து தடவை. ரிங்கைப் போரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம்தான். புது இன்ஜின் என்று 40லேயே தடவித் தடவி ஓட்டினால் ஹோனிங் கோடு மழுங்கிக் கண்ணாடியாகிவிடும், பிறகு ரிங் உட்காராது. அதே சமயம் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை முதல் 1000 கிலோமீட்டருக்குள் முயற்சி செய்யாதீர்கள். விடாத பாரமும் சூடும் புது பேரிங்குக்கு ஆகாது.

ஆயிலையும் ஃபில்டரையும் 100, 500, 1000 கிலோமீட்டரில் மாற்றுங்கள். 100ல் கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் தகரத்தை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். மை போன்ற மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் ரிங் உட்கார்ந்துகொண்டிருக்கிறது, பயமில்லை. செம்பு நிறத்தில் செதில் மின்னினால் வண்டியை எடுக்காதீர்கள். சம்ப்பை இறக்கி, எழுதி வைத்த அளவுகளோடு ராடு பேரிங்கிலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள்.