கேஸ் கெய்சர்: கதவைத் திறந்துவைத்துப் பார்த்தால் எல்லாம் நீலமாகத்தான் எரியும்

போன வாரம் ஏற்காட்டில் ஒரு வீடு. என்னிடம் வேலை பழகும் தம்பி கெய்சர் மூடியைக் கழற்றி, பர்னரை பிரஷ்ஷால் தேய்த்து, பற்றவைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீலமா எரியுது, கிளம்பலாமா?" என்றான். 20 வருஷத்துக்கு முன்னால் நானும் இதையே சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு மலை இறங்கியவன்தான்.

ஜெட் (பர்னருக்குக் கேஸ் விடும் சின்னத் துளை) அடைப்பு, வாஷர் தேய்வு எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். புதுப் பையன்கள் கோட்டை விடுவது ஹீட் எக்ஸ்சேஞ்சரில். பர்னருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் செம்புப் பெட்டி அது. சுற்றித் தண்ணீர்க் குழாய், உச்சியில் நெருக்கி அடுக்கிய மெல்லிய தகடுகள். கடையில் காப்பர் டேங்க் என்று கேளுங்கள். அவர்கள் செய்யும் தப்புகளைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கதவைத் திறந்துவைத்து ஒரு நிமிஷம் பார்ப்பது

அது ஒரு மார்கழி. தண்ணீரில் சூடு போதவில்லை, தீ மஞ்சளாக எரிகிறது என்று கூப்பிட்டார்கள். பர்னரைச் சுத்தம் செய்தேன், ரெகுலேட்டரை மாற்றினேன். நல்ல நீலத் தீ. மூன்றாம் நாள் அந்த வீட்டம்மா குளித்து வெளியே வந்ததும் தலை சுற்றி, வாந்தியெடுத்து, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பித்தம் என்று நினைத்து இஞ்சிச் சாறு கொடுத்திருக்கிறார்கள்.

மறுபடி போனபோதுதான் டேங்க்கைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தேன். தகடுகளுக்கு நடுவே பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. விரலை வைத்தால் கண்மை மாதிரி ஒட்டியது கரி.

தகடு அடைத்துக்கொண்டால் புகை மேலே போகாமல் பர்னர் பக்கமே திரும்பும். பர்னர் தான் விட்ட புகையையே இழுத்து எரியும், தீ மஞ்சளாகும், மஞ்சள் தீ இன்னும் கரி கக்கும். கரி படிந்த தகடு தண்ணீருக்குச் சூட்டைக் கடத்தாது. வெதுவெதுப்பாக வருகிறதே என்று வீட்டுக்காரர் கேஸ் குமிழை இன்னும் திருகுவார். அப்புறம் கேட்கவே வேண்டாம்.

சரி, எனக்கு மட்டும் ஏன் நீலமாக எரிந்தது? மூடி கழன்றிருந்தது, கதவு திறந்திருந்தது, ஓட்டியது ஒரு நிமிஷம். அந்த அம்மா குளித்ததோ கதவைச் சாத்திக்கொண்டு, குளிருக்கு வெண்டிலேட்டரில் பழைய துண்டை அடைத்து, 20 நிமிஷம். ஒரு பங்கு கேஸ் எரிய ஏறத்தாழ 30 பங்கு காற்று வேண்டும். 6 லிட்டர் கெய்சர் முழு வேகத்தில் ஓடினால், 5க்கு 6 அடிக் குளியலறையின் மொத்தக் காற்றும் அதற்குச் சுமார் அரை மணி நேரத் தீனிதான். ஏற்காடு வேறு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சேலத்தைவிட 10 சதவீதத்துக்கும் மேல் குறைவு. கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒழுங்காக எரிந்த கெய்சர், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தபின் அடம் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

காற்று போதாமல் எரிந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல். அதற்கும் மேல் போனால் தாழ்ப்பாளை நீக்கக் கை வராது.

ஆகவே முதலில் டேங்க்கைக் கழற்றிக் கரியைக் கழுவுங்கள். மூடியை மாட்டி, அவர்கள் குளிப்பதுபோலவே கதவைச் சாத்தி, கார்பன் மோனாக்சைடு மீட்டரை உள்ளே வைத்துவிட்டு, நீங்கள் வெளியே நின்று 10 நிமிஷம் ஓட்டுங்கள். மீட்டர் என்ன காட்டினாலும் கெய்சரைக் குளியலறைக்கு வெளியே மாற்றச் சொல்லுங்கள். சுவர் உடைக்கச் சொன்னால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்களோ என்று அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

சோப்பு நுரை வைத்து "லீக் இல்லை" என்பது

கேஸ் லீக் இல்லை, சரி. புகைக்கு நுரை வராது.

கரியையும் உப்பையும் குழப்புவது

போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் வரத்து ஒல்லியாகி, உள்ளே களக் களக்கென்று கொதிக்கும் சத்தம் கேட்டால் குழாய்க்குள் உப்பு படிந்திருக்கிறது. தீ நீலமாகவே இருக்கும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து உள்ளே ஊறவிட்டால் போதும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றினால் உப்போடு சேர்த்துப் பித்தளை இணைப்பையும் அரித்துவிடும்.

டேங்க் ஓட்டையை எம்-சீல் பசை வைத்து அடைப்பது

வேண்டாம்.

கீழே சொட்டினால் டேங்க் போச்சு என்பது

கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகும். காலையில் மலைத் தண்ணீர் ஓடும் சில்லென்ற செம்பில் அது பட்டால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வேர்ப்பதுபோல வேர்த்துச் சொட்டும். டேங்க் சூடேறியதும் நின்றுவிடும். சந்தேகமாக இருந்தால் கேஸை மூடிவிட்டுத் தண்ணீரை மட்டும் ஓடவிட்டு, காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஈரம் கசிந்து, அங்கே பச்சைக் களிம்பும் பூத்திருந்தால் ஓட்டைதான்.

இது தெரியாமல் ஒரு தடவை சேலம் இறங்கிப் புது டேங்க் வாங்கி வந்து மாட்டினேன். மறுநாள் காலை அதுவும் சொட்டியது.