தோட்டா வாயை எவ்வளவு இறுக்குவது?

சுட்ட பிஸ்டல் தோட்டாவின் காலி உறையை மறுபடி நிரப்பித் தோட்டா செய்பவர்கள் பலர், கிரிம்ப்பை (உறை வாயை உள்நோக்கி இறுக்குவதை) ஓங்கிச் செய்தால்தான் குண்டு, அதாவது சுடும்போது பறந்து போகும் முனை, நிற்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் குண்டைப் பிடித்திருப்பது உறையின் இறுக்கம். குண்டை நுழைக்க விரித்த வாயை நேராக்கினால் போதும், கிரிம்ப்பின் வேலை அவ்வளவுதான். 9 மிமீ தோட்டா, சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழி) தன் வாய் விளிம்பில்தான் உட்காருகிறது. அதை உள்ளே மடக்கிவிட்டால் தாங்க இடமில்லாமல் போகும். வாய் விட்டத்தின் மேல்வரம்பு 0.380 அங்குலம். நான் 0.378ஐ ஒட்டி நிறுத்திக்கொள்வேன்.

அப்புறம் பொருத்தம். துப்பாக்கி காலி என்று உறுதிசெய்து, பேரலைத் தனியே கழற்றித் துடைத்து, தோட்டாவை உள்ளே விடுங்கள். 'டொக்' என்று விழ வேண்டும், விரலால் சுற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். சிக்கினால் தோட்டா முழுக்க மார்க்கர் மை பூசி மறுபடி போட்டுப் பாருங்கள். வாயில் மை உரிந்தால் கிரிம்ப் போதவில்லை. குண்டில் உரிந்தால் நீளம் அதிகம்.

கடைசியாக, தோட்டாவின் நீளத்தை அளந்துகொண்டு, குண்டின் மூக்கை மேசையில் அழுத்தி, மறுபடி அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் அதைச் சுடாதீர்கள். குண்டு உறைக்குள் போனால் சுடும்போது அழுத்தம் எகிறும்.