டெல்டா ஊர்களில் பொதுக் காய்கறித் தோட்டம்: தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவில் ஏழைக் குடும்பங்களின் சமையலுக்காகப் பொதுக் காய்கறித் தோட்டம் அமைக்க முன்வருவோர், தம்மை அறியாமலேயே நெல்லை மனத்தில் வைத்துத் திட்டமிடுகிறார்கள். நெல் விளையும் மண்ணில் எதுவும் விளையும் என்றும், ஆற்றில் தண்ணீர் வந்ததும் வேலையைத் தொடங்கிவிடலாம் என்றும் அவர்கள் போடும் கணக்கு, தோட்டத்தை முதல் ஆண்டிலேயே முடக்கிவிடக்கூடியது.

காலத்தை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. இடைப்பட்ட மாதங்களில் குறுவை, சம்பா, தாளடி என்ற நெல் பருவங்களில் நடவும் களையெடுப்பும் அறுவடையும் மாறிமாறி வருவதால், தோட்டத்தில் உழைப்பதாக ஒப்புக்கொண்ட பெண்கள் வயலுக்குக் கூலிக்குச் சென்றுவிடுவார்கள். அந்தக் கூலியை விட்டுவிட்டுக் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற வாருங்கள் என்று கேட்பது நியாயமும் அன்று. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு தோட்டம் முழுவதையும் ஆடியில் விதைத்தால், ஆளில்லாத பாத்திகளில் களைதான் முந்தும். ஆடியில் ஒரு பகுதியை மட்டும் விதைத்து, சம்பா அறுவடைக்குப் பின் தை, மாசியில் பெரும்பகுதியை விதைப்பதே டெல்டாவுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. வயல் வேலை நின்று, கையில் காசு குறையும் பங்குனி, சித்திரை மாதங்களில்தான் குடும்பங்களுக்குக் காய் மிகவும் தேவைப்படுகிறது.

ஆனால் அந்த மாதங்களில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். ஆகவே நிலம் தேடுவதற்கு முன்பே கோடையில் வற்றாத நீரைத் தேட வேண்டும். இதைத் தள்ளிப்போடுவது இரண்டாவது தவறு. கடற்கரையை ஒட்டிய வேதாரண்யம், நாகப்பட்டினம், சீர்காழி வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பாக இருப்பதால், மண்ணோடு நீரையும் பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது. பீன்ஸும் வெங்காயமும் உப்பு நீரில் சுணங்கிவிடும். கொத்தவரை ஓரளவு தாங்கும். ஐயம் இருந்தால் நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம்.

மண்ணைப் பற்றிய தவறு இன்னும் ஆழமானது. ஆண்டுதோறும் சேறாக்கி நடவு செய்த நஞ்சை நிலத்தில், மேல்மண்ணுக்குக் கீழே இறுகிய ஒரு தட்டு உருவாகிவிடுகிறது. நெல்லுக்கு நீரைத் தேக்கித் தருவது அதுதான். கத்தரியையும் வெண்டையையும் வேரழுகச் செய்வதும் அதுதான். நம் பெரியவர்கள் காய்கறியை வயலில் போடாமல் வீட்டுக் கொல்லையிலும் கொள்ளிடக் கரைப் படுகையிலும் போட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வேறு இடம் கிடைக்காதபோது, கோடையிலேயே அந்தத் தட்டை ஆழமாகக் கொத்தி உடைத்து, நன்கு மக்கிய தொழுவுரம் கலந்து, ஓர் அடிக்குக் குறையாத உயரத்திலும் இருபுறமும் நின்று கை எட்டக்கூடிய அகலத்திலும் மேட்டுப்பாத்திகள் அமைக்க வேண்டும். பாத்தி மட்டும் உயர்ந்து, இடையிலுள்ள சால்களில் நீர் நின்றால் பயனில்லை. அந்தச் சால்கள் நிலத்தைவிடத் தாழ்ந்த ஒரு வடிகாலில் சென்று சேர வேண்டும். சுற்றிலும் நெல் வயல்கள் உள்ள துண்டு நிலத்தை யாரேனும் இலவசமாகக் கொடுத்தாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் நீர் எங்கே போகும் என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் 1934-இல் பாசனத்துக்கு வந்த புது ஆற்றுப் (கல்லணைக் கால்வாய்) பகுதியில் மண் இலகுவானது என்பதால், அங்கே இந்தச் சிக்கல் குறைவு. நீர் விரைவில் இறங்கிவிடுவதே அங்குள்ள சிக்கல். மழைக்காலத்தில் எல்லாவற்றையும் காப்பாற்ற முயல்வதைவிட, ஈரத்தைத் தாங்கும் பொன்னாங்கண்ணி, வல்லாரை போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். முருங்கை வேண்டுமானால் தோட்டத்தின் மிக மேடான மூலையில்தான் நிற்கும்.

வேலிக்கு முள்கம்பி வாங்கியே பணத்தைத் தீர்த்துவிட வேண்டியதில்லை. கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைத் துண்டுகளை) நட்டு, இடையில் ஆடு கடிக்காத ஆடாதொடையையும் நொச்சியையும் வைத்தால் போதும், வேர் பிடிக்கும் வரை மட்டும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அனுமதியில் அலட்சியம் ஆகாது. குளக்கரையும் வாய்க்கால் புறம்போக்கும் வேண்டவே வேண்டாம். கோயில் நிலமானால் ஊர்ப் பெரியவரின் வாய்மொழியை நம்பாமல் அறநிலையத் துறையிடம் எழுத்தில் பெற வேண்டும். ஊராட்சி நிலமானால் கிராம சபையில் தீர்மானம் தேவை.

அளவுக்கு மீறிய வாக்குறுதியும் தோட்டத்தைக் கெடுக்கும். ஒருவர் நாளொன்றுக்குக் காய்கறியும் பழமுமாக 400 கிராமாவது உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நால்வர் கொண்ட 20 குடும்பங்களுக்கு இது நாளுக்கு 32 கிலோ ஆகிறது. ஹெக்டேருக்கு 12 டன் என்று நல்ல விளைச்சலாகவே கணக்கிட்டாலும், 10 சென்ட் முழுவதும் வெண்டை போட்டால் ஒரு பருவத்தில் கிடைப்பது சுமார் 480 கிலோ, அதாவது நாளுக்கு ஐந்து கிலோ அளவில்தான். ஆகவே எல்லாக் குடும்பங்களுக்கும் எல்லாக் காயும் தருவதாகச் சொல்லாமல், வாரம் இருமுறை கீரை, ஒருமுறை காய் என்று தொடங்குவது நேர்மையானது. மூன்றே வாரத்தில் பிடுங்கக்கூடிய முளைக்கீரையை ஒரே நாளில் விதைக்காமல் வாரம் ஒரு பாத்தியாக விதைத்துவந்தால், அந்த வாக்கைக் காப்பாற்ற முடியும்.

பங்கீட்டைப் பற்றி விதைக்கும் முன்பே பேசிவிட வேண்டும்; விளைந்த பின் பேசினால் சண்டையில் முடியும். தோட்டம் எந்தத் தெருவில் அமைகிறது என்பதே நம் ஊர்களில் யார் வருவார், யார் தயங்குவார் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. எனவே காலனிப் பெண்களும் ஊர்த்தெருப் பெண்களும் யாரிடமும் கேட்காமல் நடந்து வரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும், சாவியும் ஒரு தரப்பிடம் மட்டும் இருக்கக் கூடாது. உழைத்தவர்க்கே பங்கு என்ற விதி கேட்க நன்றாக இருந்தாலும், முதியவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் அது வெளியே தள்ளிவிடும். பெறுபவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பதை முதல் நாளிலிருந்தே தடுக்க வேண்டும். காய் தேவைப்படும் பலர் அதற்காகவே வராமல் போவார்கள். பங்கு போக மீந்ததை அங்கன்வாடிக்குக் கொடுக்கலாம், அல்லது கூட்டத்தில் ஒப்புக்கொண்ட விலைக்கு விற்று அந்தப் பணத்தை விதை வாங்கவும் மோட்டார் பழுது பார்க்கவும் ஒதுக்கி, வரவு செலவைத் தோட்டத்து வாசலில் பலகையில் எழுதி வைக்கலாம்.