மான் வேட்டைக்குப் பெரிய ரிவால்வர் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் வெண்வால் மான் சீசன் தொடங்கிவிடும். வருடக்கணக்காக ரைஃபிளோடு போனவர்களுக்கு, ஒரு தடவை ரிவால்வரோடு போய்ப் பார்க்கலாமே என்று ஆசை வரும். நல்ல ஆசைதான். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் பலரும் கேட்பது இருப்பதிலேயே பெரிய ரிவால்வரை. எனக்குத் தெரிந்து மற்ற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

2003-ல் வந்த 500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மேக்னம் என்ற தோட்டா அசுர பலம் கொண்டது. அதைச் சுடும் ரிவால்வர் நீளமான பேரலோடு (குழலோடு) கிட்டத்தட்ட 2 கிலோ எடை. மானுக்கு அவ்வளவு வேண்டவே வேண்டாம். 1955-ல் வந்த 44 மேக்னம் தோட்டா இன்றும் தாராளமாகப் போதும். 240 கிரெயின் (சுமார் 15.5 கிராம்) குண்டு நொடிக்கு 1,200 முதல் 1,400 அடி வேகத்தில் போய், பக்கவாட்டில் நிற்கும் மானின் விலாவுக்குள் புகுந்து மறுபுறம் வெளியேறிவிடும். அதற்கு மேல் கூட்டும் பலத்தை வாங்கிக்கொள்வது மான் இல்லை, உங்கள் மணிக்கட்டு.

சுடும்போது ரிவால்வர் பின்னால் தள்ளும் உதைக்குப் பயந்த கை, டிரிகரை இழுக்கும் முன்பே குனியத் தொடங்கும். சுடுபவருக்கு இது தெரியவே தெரியாது, சத்தமும் உதையும் மறைத்துவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சுடுதளத்தில் நண்பர் ஒருவரிடம் ரிவால்வரைக் கொடுத்து, தோட்டா போடும் சுழல் உருளையான சிலிண்டரின் நாலு அறையில் தோட்டாவும் இரண்டில் சுட்டுத் தீர்ந்த வெற்று உறையும் போட்டு, சிலிண்டரைச் சுற்றிவிட்டு மூடித் தரச் சொல்லுங்கள். ஹேமர் (தோட்டாவை அடிக்கும் சுத்தி) வெற்று உறையில் விழும்போது பேரல் முனை சடக்கென்று கீழே இறங்கினால், அந்த ரிவால்வர் இப்போதைக்கு உங்களுக்குப் பெரிது. 44 மேக்னம் ரிவால்வரில் பலம் குறைந்த 44 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம். உதை பாதியாகத் தெரியும். அதில் கை பழகிய பிறகு மேக்னத்துக்கு வரலாம்.

எடை குறைந்ததை வாங்குவது இதற்கு நேர் எதிரான தவறு. ஸ்கேண்டியம், டைட்டானியம் என்ற லேசான உலோகங்கள் கலந்த 44 மேக்னம் ரிவால்வர்கள் 700 கிராம் அளவில் கிடைக்கின்றன. இடுப்பில் தொங்குவதே தெரியாது, சரி. ஆனால் சுடும்போது உள்ளங்கை எரியும். அதோடு, பலமான உதையில் மீதி அறைகளில் இருக்கும் குண்டுகள் உறையிலிருந்து முன்னால் நகர்ந்து, சிலிண்டரே சுற்றாமல் சிக்கிக்கொள்ளலாம். வேட்டைக்கு 1.3 கிலோவுக்குக் குறையாத எஃகு ரிவால்வரையே நான் சொல்வேன். அப்படிப்பட்ட எஃகு ரிவால்வரான ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் 1959-லிருந்து ஓடிக்கொண்டிருப்பது சும்மா இல்லை.

45 கோல்ட் தோட்டா போடும் ரிவால்வர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1873-ல் பிறந்த தோட்டா அது. ரூகர் பிளாக்ஹாக் போன்ற உறுதியான ரிவால்வருக்கென்று செய்யும் அழுத்தம் கூடிய தோட்டாவை, பழைய கோல்ட் வகை ரிவால்வரில் போட்டால் உள்ளே தாராளமாகப் போகும். சுட்டால் சிலிண்டரே வெடிக்கலாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

அப்புறம், ரைஃபிள் பிடித்த பழக்கத்தில் இடது கை தானாக முன்னால் போகும். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் கொதிக்கும் வாயு அது வழியாகப் பக்கவாட்டில் பீறிடும். பெரிய மேக்னங்களில் அங்கே விரல் இருந்தால் தசையைக் கிழித்துவிடும். இரண்டு கையும் பிடியிலேயே இருக்கட்டும்.

ஸ்கோப் வாங்கினால் கைத்துப்பாக்கிக்கென்று செய்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். ரைஃபிள் ஸ்கோப்பில் கண் சில அங்குலத் தூரத்தில் இருக்க வேண்டும், கையை நீட்டிச் சுடும்போது அதில் எதுவும் தெரியாது. நிறைய பேருக்கு, குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் போதும்.

தூரத்தை ரிவால்வரின் பலம் தீர்மானிக்கும் என்று நினைப்பதும் தப்பு. 8 அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை மாட்டுங்கள். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய அவ்வளவுதான். உட்கார்ந்தோ மரத்தில் சாய்ந்தோ, ஆறு குண்டும் தட்டில் விழுகிற தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. பலருக்கு அது 50 யார்டு (சுமார் 45 மீட்டர்). குடலில் குண்டு வாங்கி ஓடும் மான் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் மாநில விதியையும் பாருங்கள். ஒஹாயோவில் ரிவால்வருக்குக் குறைந்தது 5 அங்குலப் பேரல் வேண்டும், தோட்டா 357-க்கு (0.357 அங்குல விட்டத்துக்கு) குறையக்கூடாது, உறையும் கழுத்து குறுகாமல் நேராக இருக்க வேண்டும். 4 அங்குலப் பேரல் அழகாக இருக்கிறதே என்று விதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, வருடத்துக்கு வருடமும் மாறும். அந்தந்த சீசனுக்கான கையேட்டை வனவிலங்குத் துறையின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.