ஸ்கேன் ரிப்போர்ட்டும் மளிகைக்கடைக் காலண்டரும்

கர்ப்பப்பையில் கட்டி (ஃபைப்ராய்டு) என்றதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை சென்டிமீட்டர்?" எனக்கு இரண்டு இருந்தன: ஒன்று 6 செ.மீ., இன்னொன்று 2 செ.மீ. பெரியதைப் பார்த்த முதல் டாக்டர், "அதான் ரெண்டு பிள்ளை இருக்கே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்.

அந்தப் பெரிய கட்டி, பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. ரத்தத்தைக் கொட்ட வைத்தது சின்னதுதான். அளவை விட இடம் முக்கியம். ரிப்போர்ட்டில் சப்மியூகோசல் என்றிருந்தால் கட்டி கர்ப்பப்பையின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது; உதிரப்போக்கு பெரும்பாலும் இதன் வேலை. இன்ட்ராமியூரல் என்றால் தசைக்குள். சப்சீரோசல் வெளிப்பக்கம்; பெரிதானால் சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி ஒன்றுக்குப் போக வைக்கும். புற்றுநோயாக இருப்பது மிக அரிது.

அடுத்த டாக்டரிடம் போகுமுன் இரண்டு மாதம் கணக்கு எழுதினேன். மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரில், கேஸ் புக் செய்த தேதிக்குப் பக்கத்திலேயே: முதல் நாள் 6 நாப்கின், இரண்டாம் நாள் 11, ரத்தம் உறைந்து கட்டி கட்டியாகப் போனால் ஒரு 'க'. "கொஞ்சம் அதிகமா போகுது டாக்டர்" என்று சொன்னபோது கிடைக்காத கவனம் அந்தத் தாளுக்குக் கிடைத்தது. ஒரு மணி, இரண்டு மணிக்கொரு முறை மாற்றினாலோ, ஏழு நாளைத் தாண்டினாலோ அது அதிகம்தான். நாப்கின் மணிக்கொன்றாக நனைந்து தலையும் சுற்றினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாதவிலக்கு நின்றுபோன பிறகு ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாதீர்கள்.

ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை, எனக்கு 7.8. இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு போடாதீர்கள், எலுமிச்சைச் சாறு நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை பல. உதிரப்போக்கைக் குறைக்க அந்த நாட்களில் மட்டும் போடும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை (முன்பு ரத்தம் உறைந்த பிரச்சினை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்), காப்பர்-டி மாதிரியே கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் எடுப்பது, அதற்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது. தொந்தரவே இல்லையென்றால் சும்மா விட்டுக் கண்காணிக்கலாம். மாதவிலக்கு நின்றபின் கட்டி பெரும்பாலும் சுருங்கும்.

எனக்கு ஹிஸ்டரோஸ்கோப்பியில் (பிறப்புறுப்பு வழியாகக் கேமரா குழாயை விட்டு) சின்னதை மட்டும் எடுத்தார்கள், வயிற்றில் கத்தி படவில்லை. அப்புறம் மூன்றாம் மாதம், இரண்டாம் நாள் கட்டத்தில் எழுதியது: 4. பெரியது இன்னும் உள்ளேதான் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு ஸ்கேன்.