பயந்த சுபாவப் பூனையை இரண்டு வாரம் வைத்துப் பார்த்துக்கொள்ள

தைப்பூசத்துக்குப் பத்துமலை, லீவு கிடைத்தால் தமிழ்நாட்டுக் கோயில்கள் என்று வீட்டுக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டத்து ஊர்களில் பூனை பக்கத்து வீட்டு அக்காவிடம் வந்து சேரும். கலகலப்பான பூனை என்றால் கவலையில்லை. ஆள் குரல் கேட்டாலே அலமாரிக்குப் பின்னால் பதுங்கும் பூனைக்குத்தான் தனிப் பக்குவம் வேண்டும். அது உங்களோடு பழகியே ஆகவேண்டும் என்பதில்லை. சாப்பிட வேண்டும், சிறுநீர் போக வேண்டும், வெளியே ஓடிவிடக் கூடாது. பார்க்க வேண்டியது இந்த மூன்றும்தான்.

மூன்று நாலு நாள் பயணம் என்றால் பூனையை இடம் மாற்றவே வேண்டாம். சாவியை வாங்கிக்கொண்டு காலையும் மாலையும் போய் வாருங்கள். பூனைக்கு ஆளை விட இடம்தான் முக்கியம். அதற்கு மேல் என்றால், அல்லது வீடு தூரம் என்றால், உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

தடுப்பூசி பாக்கி இருந்தால் கிளம்புவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டுவிடச் சொல்லுங்கள். தூக்கிவரும் கூண்டை ஒரு வாரம் முன்பே வீட்டில் திறந்து வைத்து, உள்ளே ஒரு பழைய துணியைப் போட்டு வைக்க வேண்டும். கிளம்பும் அன்று எடுத்தால் கூண்டைக் கண்டதுமே மிரண்டுவிடும். தின்று பழகிய அதே தீனி, சிறுநீரும் மலமும் கழிக்கத் தட்டில் போடும் அதே மண், அதோடு ஏற்கெனவே பயன்படுத்திய மண் ஒரு கரண்டி, வீட்டுக்காரர் உடுத்தித் துவைக்காத ஒரு டி-சட்டை, தடுப்பூசி அட்டை, பூனையின் இப்போதைய எடை இவை எல்லாம் கூடவே வரட்டும். ‘நோய் வந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோகலாம், இத்தனை ரிங்கிட் வரை செலவு செய்யலாம்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இராத்திரியில் எந்த கிளினிக் திறந்திருக்கும் என்பதையும் முன்பே விசாரித்து வையுங்கள். ஈப்போ வரை போக வேண்டியிருந்தால் சுமார் 30 கிலோமீட்டர். அவசரத்தில் நம்பர் தேட நேரமிருக்காது.

அறைதான் பாதி வேலை. வீட்டிலேயே சின்ன அறையை ஒதுக்குங்கள், ஸ்டோர் ரூமாக இருந்தாலும் காற்றோட்டம் இருந்தால் போதும். வீடு முழுக்கத் திறந்துவிட்டால் பூனை உங்களுக்கு எட்டாத இடமாகப் பார்த்து அடைந்துகொள்ளும், தீனிக்குக்கூட வெளியே வராது. பழைய லைன் வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி இருக்கும், சீலிங்கில் ஓட்டை இருக்கும். பயந்த பூனை மேலே ஏறத்தான் பார்க்கும், அதனால் அவற்றை முதலில் அடையுங்கள். கண்ணாடிப் பட்டை ஜன்னலில் ஒரு பட்டை தளர்ந்திருந்தாலும் தலை நுழையும், தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். உட்பக்கம் கம்பி வலை கட்டுங்கள். மதியம் தகரக் கூரை கொதிக்கும், காற்றாடி ஓடட்டும்.

மற்ற சந்து பொந்துகளை அடைத்துவிட்டு, நீங்கள் கொடுக்கும் ஒளிவிடம் ஒன்றை மட்டும் வையுங்கள். பூனை முழுதாக நுழையும் அளவு அட்டைப் பெட்டி, எதிரெதிரே இரண்டு வாசல், மேலே டி-சட்டை. ஒரே வாசல் என்றால் உள்ளே மாட்டிக்கொண்டதாக நினைக்கும். ஒளிய இடமிருக்கும் பூனை சீக்கிரம் தேறும். மண் தட்டு எதிர்மூலையில் இருக்கட்டும், தீனிக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டையும் தொடாமல் இருந்துவிடலாம். மண் 5 சென்டிமீட்டர் ஆழம், அள்ளுவது தினம் இரண்டு தடவை.

முதல் நாள் கூண்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கையை விட்டு இழுக்காதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டாதீர்கள். பல பூனைகள் இராத்திரி வீடு அடங்கிய பிறகுதான் வெளியே வரும். மறுநாள் முதல் காலை மாலை கால் மணி நேரம் தரையில், பூனைக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். உற்றுப் பார்க்க வேண்டாம், எதேச்சையாகக் கண் பட்டால் மெதுவாக மூடித் திறங்கள். மெல்லிய குரலில் ஏதாவது பேசலாம். அது வந்து விரலை முகரும்வரை தொடாதீர்கள், தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுபோகவே கூடாது.

பூனையைக் கண்ணால் பார்க்காமலே அதன் நலம் தெரியும். சமையல் தராசு போதும். 4 கிலோ பூனைக்குக் காய்ந்த தீனி நாளைக்குச் சுமார் 50 முதல் 60 கிராம். பாதி காலை, பாதி மாலை எடை போட்டு வைத்து, மீதியையும் எடை போட்டு எழுதுங்கள். கட்டியாகும் மண்ணாக இருந்தால் சிறுநீர்க் கட்டிகளையும் எண்ணி எழுதுங்கள், நாளைக்கு இரண்டு முதல் நான்கு சாதாரணம். முதல் இராத்திரி தின்னாதது பெரிய விஷயமில்லை. மறுநாள் ஈரத் தீனியை இலேசாகச் சூடாக்கி வையுங்கள், அல்லது உப்பும் மஞ்சளும் சேர்க்காமல் வேகவைத்த கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனை முள் எடுத்து வையுங்கள். தக்காளிச் சாற்றில் வரும் டின் சார்டின் வேண்டாம், சாற்றில் வெங்காயமும் பூண்டும் இருக்கலாம், இரண்டும் பூனைக்கு நஞ்சு.

24 மணி நேரம் ஒன்றுமே தின்னாவிட்டால் மிருக வைத்தியருக்குப் போன் பண்ணுங்கள். இரண்டாவது நாளையும் ‘பசித்தால் தின்னும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். பட்டினி கிடக்கும் பூனையின் உடல் கொழுப்பை ஈரலுக்கு அனுப்பும், ஈரலால் அத்தனையையும் சமாளிக்க முடியாமல் அதிலேயே கொழுப்பு படிந்துவிடும். குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதை விட அவசரம் ஆண் பூனை மண் தட்டில் திரும்பத் திரும்பக் குந்தி முக்கியும் சிறுநீர் வராமலிருப்பது. மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருந்தால் பூனையை இழந்துவிடுவோம். அந்த நிமிடமே கிளம்புங்கள். தும்மலும் கண்ணில் நீரும் ஒரு வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டலாம். பெரும்பாலும் உடம்பில் உறங்கிக் கிடந்த ஹெர்பீஸ் வைரஸ் மன அழுத்தத்தில் விழித்துக்கொள்வது அது. மூக்கடைத்தால் வாசனை தெரியாது, தீனியும் இறங்காது.

டெங்கிக்குப் புகையடிக்க ஆள் வந்தால் அந்த அறை ஜன்னலை முதலில் மூடுங்கள். மருந்தும் ஆகாது, அந்த இரைச்சலும் ஆகாது. சாம்பிராணி, கொசுவத்தி, தைல வகைகள் அந்த அறையில் வேண்டாம். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனையைக் கொல்லும். காய்ச்சல் மாதிரி தெரிந்தாலும் பனடோல் (பாராசிட்டமால்) ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள்.

ஓடிவிட்டால், பேர் சொல்லிக் கூவிக்கொண்டு செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடாதீர்கள். பயந்த பூனை பெரும்பாலும் நாலைந்து வீடு தூரத்துக்குள்தான் அசையாமல் கிடக்கும், கூப்பிட்டால் குரலும் கொடுக்காது. கால்வாய், மோட்டார்சைக்கிள் கொட்டகை, மரக்கட்டை அடுக்கு இவற்றின் அடியில் அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள், கண்கள் மின்னும். டி-சட்டையையும் மண் தட்டையும் வாசலில் வையுங்கள். தாமதிக்காதீர்கள். தோட்டத்தில் எலி மருந்து வைத்திருப்பார்கள், அதைத் தின்ற எலியைத் தின்றாலும் பூனைக்கு விஷம் ஏறும்.

வீட்டுக்காரர் திரும்பியதும் எழுதி வைத்த நோட்டையும் பூனையோடு கொடுத்தனுப்புங்கள். அவர் வீட்டில் வேறு பூனை இருந்தால் இதன் உடம்பில் உங்கள் வீட்டு வாசனை ஏறியிருப்பதால் அது சீறும். ஒரு நாள் தனி அறையில் வைத்து, ஒன்று படுத்த துணியில் மற்றதைப் படுக்கவிட்டு, பிறகு கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.